கணக்கில் வராத நினைவகம்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரைப் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம் இருந்தது. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. சில பரண் ஏறிவிட்டன. அவற்றின் இடத்தில் 4 ஜிபி, 8 ஜிபி இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிற புகார் மட்டும் மாறவே இல்லை: “ஒண்ணுமே தொறக்கலண்ணா, மெமரி மட்டும் எண்பது பர்சன்ட் காட்டுது. சிஸ்டம் ஹேங் ஆவுது.”

இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, “ரேம் போட்டுடலாம்.” இன்னொன்று, “ஃபார்மட் அடிச்சிடலாம்.” சில நேரம் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் நினைவகம் எங்கே போனது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. அதற்கான பதில் கணினிக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

காலி ரேமால் என்ன லாபம்?

இன்றைய ரேமின் அடிப்படையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டறிந்தார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்து போய்விடும் என்பதால், பொதுவாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலை, ரேமில் தகவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். அதாவது ரேமைக் காலியாக வைத்திருப்பதால் மின்சாரம் மிச்சமாகாது, வேகமும் கூடாது.

ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க 10 மில்லிவினாடி ஆகலாம். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த இடைவெளி ஆயிரம் மடங்கு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒருமுறை டிஸ்கிலிருந்து படித்ததை, வேலை முடிந்த பிறகும் ரேமிலேயே விட்டுவைப்பது இயங்குதளத்தின் வழக்கம். திரும்பக் கேட்டால் உடனே கொடுக்கலாம், வேறு யாருக்காவது இடம் தேவைப்பட்டால் நொடியில் தூக்கி எறியலாம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, நீங்கள் அடுத்து எதைத் திறப்பீர்கள் என்று ஊகித்து முன்கூட்டியே ஏற்றிவைக்கும் வசதியும் சேர்ந்துகொண்டது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் காலி இடம் மிகக் குறைவாகத் தெரியும். பயந்துவிடக் கூடாது. அதன் வலது ஓரத்தில் ‘அவைலபிள்’ என்று இருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. தேவைப்பட்டால் உடனே விடுவிக்கக்கூடியதையும் சேர்த்துச் சொல்லும் இந்தக் கணக்கு லினக்ஸ் கெர்னலில் 2014இல்தான் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் வேறு மாதிரி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் காட்டும் சதவீதத்தில், தூக்கி எறியக்கூடிய இந்தச் சேமிப்பு (கேஷ்) சேராது. எனவே விண்டோஸ் 80 சதவீதம் என்று சொன்னால், அவ்வளவும் நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறது என்று பொருள். “அதெல்லாம் கேஷ், கண்டுக்காதீங்க” என்கிற சமாதானம் லினக்ஸின் காலி இடக் கணக்குக்குப் பொருந்தும், விண்டோஸின் சதவீதத்துக்குப் பொருந்தாது.

‘ஒரே சொடுக்கில் ரேம் சுத்தம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் இந்தக் குழப்பத்தில் பிழைப்பவைதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களை, அதாவது ரேமில் அந்த நிரல்களுக்குத் தரப்பட்ட சிறு துண்டுகளை, அவை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகின்றன. எண் குறைந்ததும் மனம் குளிரும். அடுத்த நிமிடமே அந்த நிரல்கள் தங்கள் பக்கங்களைத் திரும்பக் கேட்கும். கணினி முன்பைவிட மெதுவாகும்.

முதலில் மொத்தம் எவ்வளவு?

செலவைப் பார்ப்பதற்கு முன் வரவைப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைத் தேர்ந்தெடுத்தால், கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று ஒரு எண் இருக்கும். இயங்குதளத்தின் கைக்கே வராமல் ஒதுக்கப்பட்ட அளவு அது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்காக ஒரு பங்கு இப்படிப் பிடித்தமாவது இயல்பு. அது சில நூறு எம்பியைத் தாண்டி ஜிபி கணக்கில் போனால்தான் விசாரிக்க வேண்டும்.

காரணங்கள் சில உண்டு. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால், உள்ளே எவ்வளவு ரேம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் தெரியாது. நடைமுறையில் மூன்று, மூன்றேகால் ஜிபிதான் கைக்கு வரும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இன்னும் கறார்: 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. அந்தப் பதிப்பு ஓடிய மடிக்கணினியில் காசு போட்டு 4 ஜிபி ரேம் மாட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். ரேம் அட்டை சரியாக உட்காராமல் இருந்தாலும் அளவு குறையும். யூடியூப் யோசனையைக் கேட்டு ‘எம்எஸ்கான்ஃபிக்’ அமைப்பில் ‘மேக்ஸிமம் மெமரி’ என்ற கட்டத்தில் குறி போட்டவர்களும், வேகத்தைக் கூட்டுவதாக நினைத்துத் தங்கள் ரேமுக்குத் தாங்களே வரம்பு விதித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்.

பெயர் தெரிந்த ஆட்கள்

மொத்தம் சரியாக இருந்தால், அடுத்தது செலவு. டாஸ்க் மேனேஜரின் ‘புராசஸஸ்’ பட்டியலில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரிய ஆட்கள் மேலே வரிசை கட்டி நிற்பார்கள். பத்தில் எட்டு வீட்டில் முதலிடம் பிரவுசருக்குத்தான் என்று யாரும் பந்தயம் கட்டலாம்.

பிரவுசர் இவ்வளவு கேட்பதற்கு வரலாறு இருக்கிறது. 2008இல் கூகுள் குரோம் வந்தபோது, ஒரு தாவல் செயலிழந்தால் மற்றவை பாதிக்கப்படாதபடி, பக்கங்களைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டியது. 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்ற பாதுகாப்புக் குறை உலகுக்குத் தெரியவந்தது. ஒரு தளம், அதே நிரலுக்குள் இருக்கும் இன்னொரு தளத்தின் ரகசியத்தை உறிஞ்சிவிடலாம் என்ற நிலை. ஆகவே அதே ஆண்டு, குரோம் 67இலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி நிரல் என்பது இயல்பான ஏற்பாடானது. அதற்கு விலையாக நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே அறிவித்தது. உங்கள் வங்கிக் கணக்கின் பக்கம், பக்கத்துத் தாவலில் ஓடும் சினிமா தளத்திடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை வீண்செலவு என்று சொல்ல முடியாது.

குரோமுக்குள்ளேயே தனி டாஸ்க் மேனேஜர் உண்டு. ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் திறக்கும். எந்தத் தாவல், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று அதில் தெரியும். வாட்ஸ்அப் வெப், யூடியூப், மின்னஞ்சல் என்று நாள் முழுக்கத் திறந்தே கிடப்பவையும், எப்போதோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷனும் அங்கே மாட்டும். பயன்படுத்தாத தாவல்களைத் தூங்கவைக்கும் ‘மெமரி சேவர்’ வசதியும் குரோம் அமைப்புகளில் இருக்கிறது.

பிரவுசருக்கு அடுத்து, ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ். கணினி திறக்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் விளையாட்டு, பிரிண்டர், புளூடூத் துணை நிரல்கள். பெயரே புரியாத ஏதோ ஒன்று. பெயர் புரியாவிட்டால் அதன்மேல் வலது சொடுக்குச் செய்து கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். விண்டோஸ் கூறுபோலப் பெயர் வைத்துக்கொண்டு, தற்காலிகக் கோப்புகளின் ஃபோல்டரில் குடியிருந்தால் அது வேண்டாத விருந்தாளி. திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வரும் கிரிப்டோ நாணய நிரல்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயர் பத்து இருபது முறை வந்தால் பதற வேண்டாம். விண்டோஸின் சேவைகள் ஓடும் கூடு அது. அம்புக்குறியைத் தட்டி விரித்தால் உள்ளே எந்தச் சேவை என்று தெரியும்.

கூட்டினால் வராத பாக்கி

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கடைக்காரரையும் குழப்புவது அடுத்தது. 8 ஜிபி கணினி ஒன்றில் 6.4 ஜிபி புழக்கத்தில் இருப்பதாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள நிரல்களை எல்லாம் கூட்டினால் 2.5 ஜிபிதான் வருகிறது. மீதி ஏறக்குறைய 4 ஜிபி யாருடையது?

கூட்டுத்தொகை ஒருபோதும் மொத்தத்தோடு துல்லியமாகப் பொருந்தாது. டாஸ்க் மேனேஜர் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே காட்டுவது, அந்த நிரல் யாரோடும் பகிராமல் தனக்கென்று ரேமில் வைத்திருக்கும் பங்கை மட்டும். பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பக்கங்கள் அதில் வராது. இயங்குதளத்தின் மையமான கெர்னலும், அதனோடு ஒட்டி ஓடும் டிரைவர்களும் எடுப்பதும் வராது. விண்டோஸ் 10இலிருந்து, அதிகம் தொடாத பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது, அது தனிக்கணக்கு. இவற்றால் ஒன்று, ஒன்றரை ஜிபி இடைவெளி வருவது வழக்கம்தான். நான்கு ஜிபி வழக்கமல்ல.

அப்போது பார்க்க வேண்டியது அதே ‘மெமரி’ பக்கத்தின் அடியில் இருக்கும் ‘நான்-பேஜ்டு பூல்’ என்ற எண். எந்த நெருக்கடியிலும் டிஸ்குக்கு இடம் மாற்றக் கூடாத, ரேமிலேயே இருந்தாக வேண்டிய கெர்னல் நினைவகம் அது. வீட்டுக் கணினியில் சில நூறு எம்பி இருந்தால் சாதாரணம். இரண்டு, மூன்று ஜிபி என்று காட்டினால், ஏதோ ஒரு டிரைவர் வாங்கிய இடத்தைத் திருப்பித் தரவில்லை என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். டிரைவர் என்பது வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் போன்ற வன்பொருளையும் விண்டோஸையும் இணைக்கும் சிறு நிரல். புராசஸ் பட்டியலில் அதற்குத் தனி வரி கிடையாது. அதனால்தான் அது தின்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் விண்டோஸை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு முறை கெர்னலிடம் இடம் கேட்கும்போதும் நான்கு எழுத்து அடையாளம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அந்த அடையாளங்களின் வாரியாக யார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு திருப்பினார்கள் என்று காட்டும் ‘பூல்மான்’ என்ற கருவியை, டிரைவர் எழுதுபவர்களுக்கான தொகுப்போடு மைக்ரோசாஃப்ட் தருகிறது. அதில் பைட் அளவுப்படி வரிசைப்படுத்தினால் முதல் வரியில் நிற்கும் நான்கு எழுத்துதான் சந்தேக நபர். விண்டோஸின் டிரைவர் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் அந்த நான்கு எழுத்தைத் தேடினால், பெரும்பாலும் அது எந்தக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 8, 10 காலத்தில் இப்படித் தேடியவர்களில் பலருக்கு விடை வலைப்பின்னல் பக்கமே கிடைத்தது: சில நெட்வொர்க் அட்டைகளின் டிரைவர், அல்லது இணையப் பயன்பாட்டை அளக்கும் ‘என்டியு’ என்ற விண்டோஸ் கூறு. இணையத்தில் தரவு ஓட ஓடப் பூல் வீங்கிக்கொண்டே போனது.

இன்னும் எளிய கருவி ஒன்று உண்டு: ‘ரேம்மேப்’. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006இல் அந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ரேமின் ஒவ்வொரு பக்கமும் என்ன வேலைக்காகப் போயிருக்கிறது என்று அது வகை பிரித்துக் காட்டும். ‘டிரைவர் லாக்டு’ என்ற வரி பெரிதாக இருந்தால், ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ மெய்நிகர் கணினியோ பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ரேம்மேப்பில் ‘புராசஸஸ்’ பகுதியும் ஒரு சாட்சி: முடிந்துபோன நிரல்கள் விட்டுச்சென்ற எச்சமும் அதில் தெரியும். கூகுளில் குரோம் குழுவில் இருந்த ப்ரூஸ் டாசன் என்ற பொறியாளர் 2018இல் தன் அலுவலகக் கணினியில் 32 ஜிபி நினைவகம் போன இடம் தெரியாமல் தேடினார். கிடைத்தது, முடிந்துபோன ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிரல்களின் எச்சம். நிரல்கள் வேலை முடிந்து போய்விட்டன. ஆனால் அவற்றைக் கண்காணித்த இன்னொரு மென்பொருள், தான் பிடித்திருந்த பிடியை விடவில்லை. பிடி இருக்கும்வரை விண்டோஸ் அவற்றை முழுதாக அழிக்காது. ஒவ்வொன்றும் வைத்திருந்தது வெறும் 64 கேபிதான். ஐந்து லட்சத்தால் பெருக்கினால் 32 ஜிபி.

கசிவா, சுமையா?

வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் விடுவதை நினைவகக் கசிவு என்கிறோம். விழுப்புரம் மாவட்டத்து மார்க்கெட் கமிட்டிக் கிடங்கை நினைத்துப் பாருங்கள். மல்லாட்டை மூட்டை அடுக்கும் இடத்துக்கு எதிரே உரியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். மூட்டை விற்றுப் போன பிறகும் பெயரை அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தரை காலியாகத்தான் கிடக்கும். பதிவேடு மட்டும் இடமில்லை என்று சொல்லும். வெளியே அடுத்த விவசாயி மூட்டையோடு நிற்பார். கசிவில் நடப்பது அச்சாக இதுதான்.

சாதாரண நிரல் ஒன்று கசிந்தால், அதை மூடியதும் இயங்குதளம் அதன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். கெர்னலுக்குள் டிரைவர் கசிந்தால் மீட்க மேலே யாரும் இல்லை. மறுதொடக்கம் செய்வதுதான் வழி.

கசிவு என்ன செய்யும் என்பதற்கு 1992இன் லண்டன் ஒரு சான்று. ஆம்புலன்ஸ்களை அனுப்பும் பணியைக் கணினிமயமாக்கிய லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, நவம்பர் 4ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு முடங்கிப்போனது. விசாரணையில் தெரிந்தது: ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன் நிரலில் சேர்த்த ஒரு சிறு பகுதி, ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பாமல் விட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்தது சொற்பம். மூன்று வாரத்தில் சர்வரில் எதுவும் மிச்சமில்லை.

இதற்கு நேர்மாறான கதை செவ்வாய்க் கோளில் நடந்தது. 2004 ஜனவரியில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. மறுதொடக்கம் செய்தது, திரும்பவும் விழுந்தது, மறுபடியும் மறுதொடக்கம். இப்படி அறுபது முறைக்கு மேல். அதன் ஃபிளாஷ் சேமிப்பில் பயணக் காலத்திலிருந்தே கோப்புகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. கணினி எழும்போதெல்லாம் அந்தக் கோப்புகளின் பட்டியலை ரேமில் ஏற்ற வேண்டும். பட்டியல், ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிதாகிவிட்டது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே ஃபிளாஷைத் தொடாமல் அதை எழவைத்து, கோப்புகளை அழித்து, பிறகு சேமிப்பையே ஃபார்மட் செய்து மீட்டார்கள்.

லண்டனில் அவ்வப்போது ஒரு மறுதொடக்கம் செய்திருந்தால் நெருக்கடியைத் தள்ளிப்போட்டிருக்கும். செவ்வாயில் அறுபது மறுதொடக்கமும் பலிக்கவில்லை. ஏனென்றால் முதலாவது, நேரத்தோடு வளரும் கசிவு. இரண்டாவது, எழும்போதே ஏறி உட்காரும் சுமை. வீட்டுக் கணினியிலும் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான். மறுதொடக்கம் செய்து, பத்து நிமிடம் கழித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் குறியுங்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குறியுங்கள். தொடக்கத்திலேயே உயரம் என்றால் கணினியோடு தானாக எழும் நிரல்களைத் துருவ வேண்டும். ஏறி, மூடியதும் இறங்கினால் வெறும் பயன்பாடு. ஏறிக்கொண்டே போய், மூடியும் இறங்காவிட்டால் கசிவு.

தொடக்கத்தில் எழுபவை முப்பது இருந்தாலும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். பாதியை நிறுத்துங்கள். பிரச்சினை போனால் குற்றவாளி நிறுத்திய பாதியில். போகாவிட்டால் மற்ற பாதியில். அதையும் பாதியாக்குங்கள். குற்றவாளி ஒருவர்தான் என்றால், ஐந்து சுற்றுக்குள் முப்பதும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

ஷட் டவுன் செய்தும் ஏன் போகவில்லை?

“தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கிறேன், அப்பவும் போவல” என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மை. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால், நீங்கள் திறந்த நிரல்கள் மூடப்படும். கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டு, மறுநாள் திரும்ப ஏற்றப்படும். கணினி சீக்கிரம் எழுவதன் ரகசியம் இது. கெர்னலில் கசிவு இருந்தால் நேற்றைய கசிவும் மறுநாள் கூடவே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுனில் போகாதது ரீஸ்டார்ட்டில் போனால், குற்றவாளி டிரைவர் பக்கம்தான் என்பதற்கு அதுவே வலுவான தடயம்.

டிரைவர் கசிகிறது என்று தெரிந்துவிட்டால் தீர்வும் தெளிவு. கணினி அல்லது அந்த வன்பொருள் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட வேண்டும். புதியதுதான் கோளாறு என்றால் பழையதற்குத் திரும்ப வேண்டும். ஃபார்மட் அடித்துவிட்டு அதே டிரைவரைத் திரும்பப் போட்டால், அதே கசிவு அடுத்த வாரமே வந்து நிற்கும். போட்டோவும் ஃபைலும் போனதுதான் மிச்சம். ரேமைக் கூட்டினாலும் கசிவு நிற்காது. நிரம்ப இன்னும் சில மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பயன்படுத்தாமல் விட்ட சாட்சி

அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது: பாஸ் லினக்ஸ். சென்னை சிடாக் நிறுவனத்தில், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவானது. பலர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஃபார்மட் அடிக்கும்போது அது சத்தமில்லாமல் அழிந்துபோனது.

நினைவகக் கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வன்பொருள் ஒன்று, இயங்குதளம் இரண்டு. லினக்ஸில் எழுப்பி, அதே வேலைகளை அதே நேரம் செய்து, ‘அவைலபிள்’ எண்ணைப் பாருங்கள். அங்கே நிலையாக இருந்து, விண்டோஸில் மட்டும் ஏறினால், ரேம் அட்டை மேல் பழி போட வேண்டியதில்லை. கோளாறு விண்டோஸ் நிரலிலோ டிரைவரிலோதான். இரண்டிலும் மொத்த அளவே குறைவாகத் தெரிந்தால், வன்பொருளைத் திறந்து பார்க்க வேண்டும். பாஸ் அழிந்துபோயிருந்தாலும் கவலையில்லை. ஒரு பென் டிரைவில் ஏதாவது ஒரு லினக்ஸை ஏற்றி, ஹார்டு டிஸ்கைத் தொடாமலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ரேம் எப்போது வாங்கலாம்?

ரேமை விஞ்சிய வேலையையும் செய்ய, காந்த உருளைச் சேமிப்பை ரேம்போலக் காட்டும் உத்தியை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அட்லஸ் கணினியில் செய்துகாட்டினார்கள். அது 1962இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று விண்டோஸின் பேஜ் ஃபைல் டிஸ்கில் செய்வதும் அதுதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நிரல்களுக்கு அடுத்தடுத்துத் தேவைப்படும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ரேமில் அடங்காமல் போனால், கணினி பக்கங்களைக் கொண்டுவருவதும் தள்ளுவதுமாகவே நேரத்தைக் கழிக்கும், உருப்படியான வேலை நடக்காது. 1968இல் இதை முறையாக விளக்கியவர் பீட்டர் டென்னிங். ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் முனைகூட நகராமல் நிற்கும் நிலை இதுதான். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை அணைத்துவிடாதீர்கள். இடம் தீர்ந்ததும் நிரல்கள் திடீரென்று மூடிக்கொள்ளும்.

ஆகவே, மொத்த ரேம் சரியாகத் தெரிகிறது. நிரல்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நேரம் போகப் போக வளரவில்லை. நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையிலேயே மீதி இல்லாமல் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நான்கும் உண்மையானால் ரேம் வாங்குவது நியாயமான செலவு. பழைய மடிக்கணினியில் டிடிஆர்3 இருக்கும். டிடிஆர்4 அட்டை அதில் பொருந்தாது. சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதில் ரேமுக்குச் சமமான பலன் தெரியும். 2 ஜிபிக்கு மேல் ஏற்ற வழியில்லாத இயந்திரத்தில் இன்றைய விண்டோஸை ஓட்ட நினைப்பது வீண். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. அந்தப் பழைய இயந்திரத்தில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுத் தட்டச்சுக்கும் பாடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. தெரியாத காரணத்துக்குத் தெரிந்த மருந்தாக ரேம் வாங்கும் காலம் இதுவல்ல. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஹார்டுவேர் ரிசர்வ்டு எவ்வளவு, நிரல்களின் கூட்டுத்தொகை எவ்வளவு, நான்-பேஜ்டு பூல் எவ்வளவு, ரீஸ்டார்ட் செய்த பத்தாவது நிமிடத்திலும் சாயங்காலத்திலும் மொத்தப் பயன்பாடு எவ்வளவு. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் காரணம் சொல்லாமல் “ஃபார்மட் அடிச்சிடலாம்” என்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.